சொல்லாமல் அடகு வைத்த நகை: உங்கள் வீட்டில் நடந்ததைப் பகிருங்கள்

தென்காசி வாசகி:
2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது என் கணவர் எனது ஐந்து பவுன் ஆரத்தை எனக்குத் தெரியாமல் அடகு வைத்தார். பதினான்கு மாதங்களில் மீட்டும் கொடுத்துவிட்டார்; ஆகவே பணத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. இடையில் அண்ணன் மகள் திருமணத்துக்கு முதல் நாள் பீரோவைத் திறந்து நகைப்பெட்டியை எடுத்தேன். எடுத்தவுடன் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பது அம்மாவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். ஓசை கேட்டது. திறந்தால், உள்ளே ஒரு பழைய சாவிக்கொத்து இருந்தது. அதற்கு முன்பு எத்தனை முறை அந்த ஓசையைக் கேட்டு நிம்மதியாகப் பெட்டியை உள்ளே வைத்திருப்பேன் என்று எண்ணியபடியே, மறுநாள் கவரிங் ஆரத்துடன் மண்டபத்தில் நின்றேன்.

ஈரோட்டிலிருந்து:
சகோதரி, சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் போலும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மனைவியிடம் கேட்டு, அவரையும் அழைத்துக்கொண்டுதான் வளையல்களை அடகு வைக்கச் சென்றேன். மதிப்பீட்டாளர் ஒரு வளையலை உரைகல்லில் உரைத்தபோது அவர் தம் வெறும் மணிக்கட்டை மற்றொரு கையால் மூடிக்கொண்டார். திரும்பும்போது பேருந்தில் என் அருகே இடம் இருந்தும் வேறு இருக்கைக்குப் போய்விட்டார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாளே கடைசி நாள் என்ற நிலையில் கேட்டால் அவர் எப்படி மறுப்பார்? உங்கள் கணவர் பயந்து மறைத்திருக்கலாம். அவரை மன்னித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
இருவரும் நடைமுறையைக் கவனிக்கவில்லை. நகைக்கடன் யார் பெயரில் இருக்கிறதோ, ஏல அறிவிப்பும் அவர் பெயருக்குத்தான் வரும். ஆகவே நகை மனைவியுடையது என்றால் கடனும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். ரசீதில் நிகர எடை, கல்லுக்குக் கழித்த எடை, தவணை முடியும் நாள் ஆகியவற்றை இருவரும் படித்துப் பார்த்து, அதைப் பீரோவில் பொதுவான இடத்தில் வையுங்கள். கிடைக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் வாங்காதீர்கள்: விவசாயம் அல்லாத தேவைகளுக்கான நகைக்கடனில் நகை மதிப்பில் 75 விழுக்காடாக இருந்த வரம்பை ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் 90 ஆக உயர்த்தி, 2021 மார்ச் வரை அனுமதித்தபோது, அதிகம் வாங்கியவர்கள் வட்டியும் சேர்ந்து மீட்க முடியாமல் திணறியதைப் பார்த்தேன். என் அனுபவம் சிறியது. ஒரு பெண்மணி வந்து, "நகை இங்கே இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா" என்றார். கணவரின் கணக்கு என்பதால் நான் சொல்லவில்லை. நகை பெட்டகத்தில்தான் இருந்தது. விதிப்படி நடந்துகொண்டேன், ஆயினும் அவர் குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனது மறக்கவில்லை.

தென்காசி வாசகி:
ஐயா, ரசீதை எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை. ஈரோட்டு அண்ணனுக்கு: மன்னித்து வெகுநாள் ஆயிற்று. சாவிக்கொத்தை ஏன் வைத்தீர்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "நீ குலுக்கிப் பார்ப்பாய் என்று தெரியும்" என்றார். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பழக்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கவனித்ததே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது நான் பெட்டியைக் குலுக்குவதில்லை. திறந்துதான் பார்க்கிறேன், அதுவும் அவர் வெளியே சென்றிருக்கும்போது.