சிங்கப்பூரில் பிளாட்டில் குடியிருக்கிறவனுக்கு எந்த ஜீவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈசூன்காரன்:
கர்த்தர் மிருகங்களையும் பறவைகளையும் படைத்து ஆதாமிடம் கொண்டுவந்து விட்டார், பேர் வைத்தவன் அவன், அதனால் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாம்தான் என்று எங்கள் போதகர் பேசினார். ஆராதனை முடிந்து கீழே தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒரு அண்ணன் கேட்டார், "பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறவன் எந்த ஆட்டை மேய்க்கப் போகிறான்?" எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் காரிடாரில் அப்போது ஒரு தேன்சிட்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததால் எனக்கு மட்டும் அது வெறும் வேடிக்கையாகப் படவில்லை.

காகிதப்பூச் செடியின் தாழ்ந்த கிளை ஒன்றில் கூடு. உள்ளங்கை நீளத்துக்குத் தொங்குகிற பை, காய்ந்த புல்லையும் பஞ்சையும் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டியது, நடுவில் யாரோ மூட்டை கட்டிய நீல ராஃபியா நார் ஒன்று. கட்டியது முழுக்கப் பெட்டைதான். நீலத் தொண்டையும் மஞ்சள் வயிறுமாக ஆண் குருவி எதிர்க் கம்பியில் உட்கார்ந்து சத்தம் போடுவதோடு சரி. (எங்கள் வீட்டில் இதைச் சொல்லிக் காட்டினார்கள், அது வேறு கதை.)

முட்டை பொரிந்த நேரம் பார்த்து புளோக்குக்கு வண்ணம் அடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். தொட்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம் என்றார் என் மாமனார், நல்ல எண்ணத்தில்தான். கூடு இடம் மாறினால் தாய் குஞ்சுகளைக் கைவிட்டுப் போக வாய்ப்பு உண்டு, தொடாதீர்கள் என்று சொல்லித் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அப்புறம் வண்ணம் அடிக்கிற பங்களாதேஷ் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், "பேபி?" என்றார், ஒட்டு நாடாவைக் கிழித்து அந்தச் சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி ஒட்டிவிட்டுப் போனார். மற்ற இடமெல்லாம் வெள்ளை ஆனது, அந்தத் துண்டுச் சுவர் மட்டும் குஞ்சுகள் பறக்கும்வரை பழைய நிறத்திலேயே இருந்தது.

பைபிளில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் குருவிக்கூட்டைப் பற்றி ஒரு கட்டளை இருக்கிறது. வழியில் கூட்டைக் கண்டால் தாயைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்காதே, தாயைப் போகவிடு, அப்போது நன்றாயிருப்பாய், உன் நாட்களும் நீடித்திருக்கும் என்கிறது. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளைக்குக் கொடுத்த அதே வாக்குறுதியைத்தான் ஒரு குருவிக்கும் கொடுத்திருக்கிறார்! இத்தனை வருடம் அதைப் படித்துத் தாண்டிப் போயிருக்கிறேன். சரி, நீங்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் மாமி:
நான் இந்து, பரவாயில்லையா? எங்கள் பிரச்சினை காக்கை. அமாவாசை அன்று சோறு வைக்காமல் மாமியார் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். இங்கே காக்கை, புறா எதுவானாலும் தீனி போடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். பித்ருவுக்கு வைக்கிற சோற்றுக்கு அபராதமா என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

என் மகன்தான் சொன்னான், பாட்டி, இந்தக் காக்கையும் நம்மைப் போல வந்தேறிதான், 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து மலாயாவில் உள்ள கிள்ளானுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள், நாம் போடுகிற சோற்றில் பெருகி மற்ற குருவிகளின் முட்டையைத் தின்கிறது என்று. கிழவிக்கு அந்த "முட்டையைத் தின்கிறது" சுருக்கென்று பட்டுவிட்டது. இப்போது படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, கோயில் அன்னதானத்துக்கு அரிசி வாங்கிக் கொடுக்கிறார். ஆனாலும் அமாவாசைக்கு அமாவாசை ஜன்னல் பக்கம் போய் நிற்பார், அதை நான் கண்டுகொள்வதில்லை.

சிவகங்கைத் தம்பி:
துவாஸ் பக்கம் சைட்ல வேலை. கால்வாய் ஓரம் பைப் அடுக்கின இடத்துல மலைப்பாம்பு. ஆள் நீளத்துக்கு மேல இருக்கும். ரெண்டு பேர் கம்பியைத் தூக்கிட்டாங்க. சூப்பர்வைசர் ஓடி வந்து எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லி, போன் போட்டு, பிடிக்கிற ஆள் வர்றவரைக்கும் வேலையை நிறுத்திட்டார். அது இந்த ஊர்ப் பாம்பு, விஷம் கிடையாது, நீங்க கிட்டப் போகாம இருந்தா அதுவும் வராது, எலியைப் பிடிக்கிறதே அதுதான்னு சொன்னார். நான் ஊர்ல கறுப்புக்குக் கிடாய் வெட்டுற குடும்பம், சும்மா இங்க வந்து பெரிய ஜீவகாருண்யம் பேச மாட்டேன். ஆனா பசிக்கோ சாமிக்கோ இல்லாம, பயத்துல ஒண்ணை அடிச்சுக் கொல்றது வேற. ஊர்ல எத்தனை சாரைப்பாம்பை அப்படி அடிச்சிருப்போம்.

உபி நானா:
பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் போனாள் என்று நாயகம் (ஸல்) சொன்ன ஹதீஸ் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1989இலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனையே கூடாது என்று இருந்தது, எத்தனை வீட்டில் திரையை இழுத்துவிட்டு வளர்த்தோம் என்பது அல்லாஹ்வுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் தெரியும். 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம், உரிமம் எடுத்து மைக்ரோசிப் போட வேண்டும். ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னால் சிலர் காற்று வராது என்று முறைக்கிறார்கள். பத்தாவது மாடியிலிருந்து விழுந்த பூனையை ஒரு தடவை துண்டில் அள்ளிப் பாருங்கள், பிறகு காற்றைப் பற்றிப் பேசலாம்.

கீழ்த்தளத்துப் பூனைகளில் இடது காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை செய்தது என்று அர்த்தம், யாரோ கொடுமைப்படுத்திவிட்டார்கள் என்று புகார் கொடுக்காதீர்கள். தீனி வைத்தால் தட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எறும்பும் எலியும் வந்து அண்டை வீட்டார் திட்டுவது கடைசியில் அந்தப் பூனையைத்தான்.

அலுவலகக் குமாஸ்தா:
அக்டோபர், நவம்பரில் வடக்கேயிருந்து வலசை வருகிற பறவைகள் கண்ணாடிக் கட்டடத்தில் மோதி விழும். எங்கள் வாசலில் கிடந்தது நம் ஊர் ஆறுமணிக்குருவியின் சொந்தக்காரன், நீல இறக்கை. பாதுகாவலர் அண்ணன் அதன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். வேண்டாம் அண்ணே, புரையேறிவிடும் என்று காலணிப் பெட்டியில் ஓட்டை போட்டு, மூடி இருட்டில் வைத்துவிட்டு ஏக்ரஸ் என்கிற வனவிலங்கு மீட்பு அமைப்பைக் கூப்பிட்டோம். ஆள் வருவதற்குள் உயிர் போய்விட்டது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இறந்த பறவைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது என்று அவர்கள் சொன்னதால் படம் எடுத்து, எந்தக் கட்டடம், எந்தப் பக்கக் கண்ணாடி என்று எழுதி அனுப்பினேன், மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடியில் ஒட்டுவில்லை ஒட்டலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. உங்கள் கட்டடத்தில் யாராவது செய்திருந்தால் எந்த மாதிரி ஒட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.