டைமரில் படம் ஓட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது, அவசரம்!!

அவசரக்குடுக்கை:
டைமர் வைத்துப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறேன். அரை நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் மெமரி இல்லை என்று பிழை. வேகமும் நான் கொடுத்தபடி இல்லை. நாளை காலை காட்டியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

தயிர்சாதம்:
எந்த மொழி? எந்த டைமர்? படம் எவ்வளவு பெரிது?

மின்மினி:
டபுள் பஃபரிங் (மறைவில் வரைந்து முடித்துத் திரையில் காட்டுவது) போட்டுப் பாருங்கள். எனக்கு எல்லாம் அதில்தான் தீர்ந்தது.

பழம்பெருச்சாளி:
கோடு (நிரல் வரிகள்) இல்லை, பிழைச் செய்தி இல்லை. இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை தம்பி. கேள்வி கேட்கவே ஒரு வகுப்பு நடத்த வேண்டும் போல.

அவசரக்குடுக்கை:
சி ஷார்ப் மொழி, வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ஜன்னல் நிரல்களுக்கான கருவித்தொகுப்பு). 60 பிஎன்ஜி, எல்லாம் 800க்கு 600. டைமர் இன்டர்வல் 10 மில்லி வினாடி. ஒரு சுற்று 0.6 வினாடியில் முடிய வேண்டும், ஒரு வினாடிக்கு மேல் இழுக்கிறது. டிக்கில் (டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும்) ஒரே வரிதான், இமேஜ்.ஃப்ரம்ஃபைல் செய்து, அதாவது கோப்பிலிருந்து படத்தைத் திறந்து, பிக்சர்பாக்ஸில் (படம் காட்டும் பெட்டி) போடுகிறேன்.

தயிர்சாதம்:
அந்த ஒரு வரிதான் வில்லன். ஒவ்வொரு டிக்கிலும் புதுப் படம் திறக்கிறீர்கள், பழையதை டிஸ்போஸ் செய்வதில்லை, அதாவது மெமரியிலிருந்து அழிப்பதில்லை. 800க்கு 600 படம் மெமரியில் விரிந்தால் ஏறத்தாழ 1.9 எம்பி. 32 பிட் செயலி என்றால் 2 ஜிபிதான் எல்லை, ஆயிரம் படம் தேங்கினால் கதை முடிந்தது. டபுள் பஃபரிங் மினுக்கலுக்கு மருந்து. பிக்சர்பாக்ஸில் அது ஏற்கெனவே இருக்கிறது.

மின்மினி:
சரி, அப்படியானால் சிஸ்டம்.டைமர்ஸ் என்ற இன்னொரு வகை டைமருக்கு மாறுங்கள். அது துல்லியம்.

தயிர்சாதம்:
அது வேறு திரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) அடிக்கும். அங்கிருந்து பிக்சர்பாக்ஸைத் தொட்டால் கிராஸ் திரெட் பிழை வரும்.

அவசரக்குடுக்கை:
டிஸ்போஸ் போட்டேன். இப்போது பெட்டி முழுக்கப் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி!

பழம்பெருச்சாளி:
திரையில் இருக்கும் படத்தையே அழித்தால் எதை வரையும்? இதெல்லாம் அடிப்படை.

தயிர்சாதம்:
புதியதை மாட்டிய பிறகு பழையதை அழிக்க வேண்டும். அதைவிட நல்லது, ஃபார்ம் (நிரலின் ஜன்னல்) திறக்கும்போதே 60 படத்தையும் ஒரு லிஸ்டில் ஏற்றிவிடுங்கள். 115 எம்பி போகும், போகட்டும். டிக்கில் எதையும் திறக்கவோ அழிக்கவோ வேண்டாம்.
வேகத்துக்கு: விண்டோஸ் கடிகாரம் வழக்கமாக 15.6 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் துடிக்கும். நீங்கள் 10 கொடுத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. டிக்கை எண்ணாதீர்கள். ஸ்டாப்வாட்ச் வைத்து, கடந்த மில்லி வினாடியை 10ஆல் வகுத்து, 60ஆல் மீதி எடுங்கள். அந்த எண்ணுள்ள படத்தைக் காட்டுங்கள். நடுவில் சில படம் விட்டுப்போகும், வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் எப்படியும் வினாடிக்கு 100 படம் தெரியாது.

கோடுகிறுக்கன்:
இவ்வளவு எதற்கு? ஜிஃப் ஆக்கிப் போட்டால் பிக்சர்பாக்ஸே ஓட்டும்.

மின்மினி:
256 நிறம்தான் வரும். நிழல் எல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும்.

கோடுகிறுக்கன்:
சுழலும் சக்கரம் மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும், அதற்கு 256 நிறம் போதாதா? கல்யாண ஆல்பமா போடுகிறார்?

மின்மினி:
ஓரம் பார்த்திருக்கிறீர்களா? ஜிஃபில் பாதி ஒளிபுகும் பிக்சலே கிடையாது, பல் பல்லாக நிற்கும்.

பழம்பெருச்சாளி:
வின்ஃபார்ம்ஸுக்குப் பிந்தைய டபிள்யூபிஎஃப் என்ற கருவித்தொகுப்பு 2006லேயே வந்துவிட்டது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அவசரக்குடுக்கை:
லிஸ்ட் + ஸ்டாப்வாட்ச். ஓடுகிறது. நன்றி தயிர்சாதம்.

கோடுகிறுக்கன்:
சக்கரமா, வேறு ஏதாவதா? அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

புதுவரவு:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஜாவா ஸ்விங் (ஜாவாவில் ஜன்னல் செய்யும் கருவித்தொகுப்பு). படங்களுக்கு நடுவே காத்திருக்க திரெட்.ஸ்லீப் போட்டால் ஜன்னலே உறைந்துவிடுகிறது.

பழம்பெருச்சாளி:
உங்கள் கேள்விக்குத் தனிப் பதிவு தொடங்குங்கள். கோடும் போடுங்கள்.