புதிய கணினியில் சீரியல் போர்ட் கார்டு தெரியவே இல்லை: எடை மேடை நிற்கிறது

காங்கேயம் எடைமேடை:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் லாரி எடை மேடை நடத்தி வருகிறேன். நெல், தேங்காய்ப் பருப்பு, மாட்டுத்தீவனம் ஏற்றிய வண்டிகளே பெரும்பாலும் வரும். எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஒன்பது ஊசி சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு எடை சென்று, அங்கே சீட்டு அச்சாகும். சீட்டு போடும் மென்பொருள் மிகப் பழையது. அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை.

சென்ற மாதம் இடி மழையில் பழைய கணினி போய்விட்டது. புதிதாக வாங்கியதில் விண்டோஸ் 11 இருக்கிறது, அந்தக் கேபிளைச் செருகும் சீரியல் போர்ட் இல்லை. முதலில் யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கூட்டிப் பெருக்கும்போது யாராவது அதைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் போர்ட் எண் மாறி, வண்டி மேடையில் நிற்கும்போது எடை வராமல் போனது. ஆகவே இரண்டு போர்ட் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு ஒன்றை வாங்கி, மதர்போர்டில் உள்ள சிறிய ஸ்லாட்டில் நானே பொருத்தினேன். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி நிறுவியபோது, நிறுவல் முடிந்தது என்றே வந்தது. ஆனால் கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டும் இல்லை, மஞ்சள் குறியோடு தெரியாத கருவி எதுவும் இல்லை. டிரைவரை மூன்று முறை நீக்கி நிறுவிவிட்டேன். மூன்று நாட்களாகச் சீட்டைக் கையால் எழுதிக் கொண்டிருக்கிறோம். கார்டு பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ஈரோடு பழுதுபார்ப்பவர்:

இன்னும் திருப்ப வேண்டாம், அண்ணா. அதே நேரத்தில் டிரைவரையும் இனித் தொட வேண்டாம். கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்து மின்னிணைப்புப் பெற்றுவிட்டால், டிரைவர் இல்லாவிட்டாலும் விண்டோஸ் அதை "பிசிஐ சீரியல் போர்ட்" என்றோ வேறொரு பெயரிலோ மஞ்சள் குறியுடன் காட்டும். அதைத் திறந்தால் குறியீடு 28, அதாவது டிரைவர் நிறுவப்படவில்லை என்று இருக்கும். உங்களுக்கு மஞ்சள் குறிகூட வரவில்லை என்பதால், கணினிக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. வராத வண்டிக்கு எடைச்சீட்டுப் போட முடியுமா?

எனவே கேபினெட்டைத் திறந்து பாருங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்த பிறகே உள்ளே கை வையுங்கள். கம்பி செருகியிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் போர்டில் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு கார்டை எடுப்பது நல்லது.

அந்தச் சிறிய ஸ்லாட்டில் பக்கத்துக்கு 18 வீதம் 36 தொடுபுள்ளிகள் இருக்கின்றன. மின்சாரம் வரும் புள்ளிகளில் பெரும்பாலானவை கேபினெட்டின் பின்சுவரை ஒட்டிய முனையிலும், தரவும் கடிகாரத் துடிப்பும் செல்லும் புள்ளிகள் உள்முனையிலும் அமைந்துள்ளன. விலை குறைந்த கேபினெட்டுகளில் பின்சுவரின் விளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். கார்டின் உலோகப் பட்டையைத் திருகாணியால் இறுக்கும்போது பின்முனை கீழே அழுந்தி, உள்முனை ஏற்றக்கோல்போல மேலே எழும்பிவிடும். பெரிய ஸ்லாட்டில் இருப்பதுபோல உள்முனையைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி சிறிய ஸ்லாட்டில் இல்லை. இதனால் கார்டுக்கு மின்சாரம் கிடைக்கும், விளக்கு இருந்தால் அதுகூட எரியும், ஆனால் பேச்சுவார்த்தை நடக்காது. திருகாணியைப் போடாமல் கார்டை இரு முனைகளிலும் சமமாக அழுத்தி வைத்து, ஒருமுறை கணினியைத் தொடங்கிப் பாருங்கள்.

அப்போதும் வராவிட்டால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி என்றால், அதே கார்டை நீளமான பெரிய ஸ்லாட்டில் செருகிப் பாருங்கள். சிறிய கார்டு பெரிய ஸ்லாட்டில் தாராளமாக வேலை செய்யும். சில மதர்போர்டுகளில் எம்.2 என்ற சிறு பலகை வடிவச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் ஒரு சிறிய ஸ்லாட் தானாகவே முடங்கிவிடும் என்பதால், போர்டின் கையேட்டில் அந்தக் குறிப்பையும் தேடுங்கள். இன்னொன்று: விண்டோஸ் 8 முதல் உள்ள வேகத் தொடக்க வசதி இயங்கினால், ஷட் டவுன் கொடுப்பது முழு அணைப்பு ஆகாது; புதிய கார்டு பொருத்திய பின் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சோமனூர் தறிக்காரர்:

எங்கள் தறிக்கூடக் கணினியில் பஞ்சுத் தூசி ஸ்லாட்டில் இறங்கி இதே தொல்லை வந்தது. கார்டின் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தவுடன் சரியாயிற்று. உங்களுக்கும் ஆடிக் காற்றில் புழுதி குறைவாக இருக்காதே.

ஈரோடு பழுதுபார்ப்பவர்:

பழைய கார்டு கறுத்திருந்தால் நானும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ரப்பர் பொன்பூச்சையும் சிறிது சிறிதாகத் தின்னும், அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய தொல்லை. புதிதாக வாங்கிய கார்டுக்கு அது தேவையில்லை. ஸ்லாட்டில் தூசி இருந்தால் காற்றடித்து, கார்டின் விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

காங்கேயம் எடைமேடை:

திருகாணியைக் கழற்றிவிட்டுத் தொடங்கியதும் மஞ்சள் குறியோடு இரண்டு போர்ட்கள் தெரிந்தன. திருகாணியை இறுக்கும்போது பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்முனை அரை நூல் அளவுக்கு எழும்புவது கண்ணுக்கே தெரிந்தது. உலோகப் பட்டைக்கும் கேபினெட் விளிம்புக்கும் இடையில் ஒரு மெல்லிய வாஷரை வைத்து இறுக்கியதில் இப்போது அசையாமல் நிற்கிறது.

ஆனால் அடுத்த சிக்கல் வந்துவிட்டது. டிரைவரை நிறுவியபின் போர்ட்களுக்கு 5, 6 என்ற எண்கள் கிடைத்திருக்கின்றன. என் மென்பொருளில் 1 முதல் 4 வரை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிகிறது. எண்ணை மாற்றப் போனால் 3, 4 இரண்டும் பயன்பாட்டில் உள்ளன என்கிறது. கணினியில் வேறு எந்தப் போர்ட்டும் இல்லையே?

கோவை மென்பொருள்காரர்:

அவை நீங்கள் முன்பு செருகிய யுஎஸ்பி மாற்றி விட்டுச் சென்ற தடங்கள். பல மாற்றிகளை ஒவ்வொரு புதிய துளையில் செருகும்போதும் விண்டோஸ் தனித்தனி எண் ஒதுக்கும். மாற்றியைக் கழற்றினாலும் அந்த ஒதுக்கீடு அப்படியே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொன்னால் அவை மங்கலாகத் தெரியும், அவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு புதிய போர்ட்டின் பண்புகளில், போர்ட் அமைப்பு, மேம்பட்டவை என்று சென்று எண்ணை 3 என மாற்றுங்கள்.

இண்டிகேட்டரை இணைப்பதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். கார்டின் மேல் ஜம்பர் (ஊசிகளை இணைத்து அமைப்பை மாற்றும் சிறு மூடி) இருக்கிறதா என்று பாருங்கள். பார்கோடு கருவிகளுக்காக ஒன்பதாம் ஊசியில் 5 அல்லது 12 வோல்ட் அனுப்பும் வசதி சில கார்டுகளில் உண்டு, அது உங்கள் இண்டிகேட்டருக்கு வேண்டாதது. அடுத்து, போர்ட்டின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளைச் சிறு கம்பியால் இணைத்து, புட்டி போன்ற, போர்ட்டுடன் எழுத்துகளைப் பரிமாறும் டெர்மினல் மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலை (தரவு ஓட்டக் கட்டுப்பாட்டை) நிறுத்திவிட்டுத் தட்டச்சிடுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால் கார்டும் டிரைவரும் சரி. அதன்பின் எடை வராவிட்டால் கேபிளையும் தரவு அனுப்பும் வேக அமைப்பையும் மட்டுமே சந்தேகிக்க வேண்டும்.

காங்கேயம் எடைமேடை:

மங்கலாக நான்கு போர்ட்கள் இருந்தன, எல்லாவற்றையும் நீக்கி எண்ணை 3 ஆக்கினேன். ஜம்பர் வோல்ட் அனுப்பும் நிலையில் இல்லை. எழுத்து திரும்பி வந்தது, எடை மட்டும் முதலில் குப்பை எழுத்துகளாக வந்தது. இண்டிகேட்டரின் வேகம் 2400, மென்பொருளில் 9600 என்று இருந்ததை மாற்றினேன். இன்று காலை முதல் வண்டிக்குச் சீட்டு அச்சாகிவிட்டது. கையால் எழுதிய மூன்று நாள் சீட்டுகளை என் மகள் இப்போது கணினியில் ஏற்றிக் கொண்டிருக்கிறாள்.