மாமன்றம் செய்ய வேண்டியது கண்காணிப்பா? 'ஸ்குரூட்டினி'க்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

'ஸ்குரூட்டினி'க்குத் தமிழ் கேட்டு ஒரு வரி எழுதியதற்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சிலவற்றை ஒத்துக்கொள்கிறேன், மீதியோடு மல்லுக்கட்டத்தான் இந்த மடல்.

எந்த இடத்துக்குச் சொல் வேண்டும் என்று முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் வேட்புமனுவிலேயே நிற்கிறீர்கள். வேட்புமனுவுக்குப் 'பரிசீலனை' இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது, அதை யாரும் தொட வேண்டாம். நான் தமிழில் எழுதிக்கொண்டிருப்பது கவுன்சிலர்களுக்கான ஒரு கையேடு. அதில் இங்கிலாந்து பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. 2000ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பல மன்றங்களில் முடிவெடுப்பது தலைவரும் அவரோடு ஒரு சிறு குழுவும்தான். மற்ற உறுப்பினர்களைக் கொண்டு இன்னொரு குழு அமைப்பார்கள். முடிவெடுப்பவர் யாரும் இதில் இருக்கக் கூடாது. மூடிக் கிடக்கும் ஆலையையோ பழைய துறைமுகத்தையோ புதுப்பித்து வீடும் கடையும் வேலையும் கொண்டுவருகிறோம் என்று திட்டம் போட்டால், ஏன், எவ்வளவு, யாருக்கு என்று இவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கலாம். எடுத்த முடிவு நடைமுறைக்கு வருமுன் நிறுத்தி, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பியும் அனுப்பலாம். ஆனால் ரத்து செய்ய முடியாது. இந்த வேலைக்குத்தான் அங்கே 'ஸ்குரூட்டினி' என்று பெயர்.

சென்னை அண்ணன் 'கண்காணிப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்கிறார். அண்ணா, அந்தச் சொல் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மதுரை சிம்மக்கல்லில் நின்று யாரைக் கேட்டாலும் கண்காணிப்பு என்றால் கேமராதான். அது போக, காவல் கண்காணிப்பாளர், கண்காணிப்புப் பொறியாளர், அந்தக் காலத் தோட்டத்துக் கங்காணி எல்லாருமே மேலே இருந்து கீழே பார்ப்பவர்கள். கவுன்சிலர் பொறியாளருக்கு மேலாள் இல்லையே. அவர் வேறு ஓர் இடத்தில் நின்று பார்க்கிறார்.

'மேற்பார்வை' பற்றி யாழ்ப்பாணத்து ஐயா சொன்னது சரி. இலங்கை நாடாளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் உண்டு, அங்கே சொல் பழகிவிட்டது. இங்கே மேற்பார்வையாளர் என்றால் சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்குகிறவர். 'தணிக்கை' பணம் செலவான பிறகு வருவது, அதோடு சினிமா வாடையும் சேர்ந்தே வரும். (ஐயா ஊரின் 'கணக்காய்வு' இதைவிட நல்ல சொல் என்பது தனிக்கதை.) 'நுண்ணாய்வு' ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகட்டும். அந்தக் குழுவின் பெயரில் 'ஸ்குரூட்டினி'யோடு சேர்ந்து வரும் 'ஓவர்வியூ'வுக்குக் 'கண்ணோட்டம்' போடலாம் என்ற யோசனையைப் படித்துச் சிரித்துவிட்டேன். குறளில் கண்ணோட்டம் என்றால் இரக்கம், தாட்சணியம். அது நம் ஊர்க் குழுக்களில் ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது.

கோவைத் தம்பியின் 'துருவாய்வு' எனக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. துருவித் துருவிக் கேட்பது என்ற பேச்சுவழக்கிலிருந்து வருகிறது, நல்ல வேர். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "தேங்காய்க்கா?" என்றார்கள். நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா 'மன்றக் கேட்பு' என்று எழுதியிருந்தார். கிட்டத்தட்ட வந்துவிட்டார். ஆனால் அக்கா, வரிக்கணக்கில் கேட்பு, வசூல், நிலுவை என்று ஆயுள் முழுக்க எழுதியவர் நீங்கள்தானே! மன்றக் கேட்பு என்றால் வீட்டுவரி நோட்டீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இனி என் கட்சி. மேலூர்ப் பக்கம் ஓர் ஊரில் திருவிழா முடிந்து ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கணக்கு வாசித்தார்கள், நானும் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் நோட்டைப் பிரித்து வரி வரியாகப் படிக்கிறார். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, வாணவேடிக்கை இவ்வளவு. வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "ஜெனரேட்டருக்கு ரெண்டு நாள் வாடகைன்னு எழுதிருக்கீக. கரண்டு ஒரு ராத்திரிதானப்பா போச்சு?" படித்தவர் நிறுத்தினார். "ரெண்டு நாளைக்கு எடுத்தாத்தான் தருவேன்னுட்டான் மாமா." "சரி, அதையும் எழுது." பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதினார். அப்புறம்தான் அடுத்த வரி. யாரையும் யாரும் திருடன் என்று சொல்லவில்லை, தண்டமும் போடவில்லை. இங்கிலாந்துக் குழு செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இதற்கான பேச்சு நம்மிடம் இருக்கிறது. எங்கள் தெருவில் போன மாதம் ஒரு குழி. குடிதண்ணீருக்கா, சாக்கடைக்கா, கேபிளுக்கா என்று யாருக்கும் தெரியாது. டீக்கடை அம்மா சொன்னார்: "யாரு தோண்டுனா, யாரு மூடணும், ஒரு கேள்விமுறை உண்டா?"

கேள்விமுறை. அவ்வளவுதான். 'மன்றக் கேள்விமுறை', 'கேள்விமுறைக் குழு'.

எதிர்மறையில் மட்டும்தானே இந்தச் சொல் வரும், 'கேள்விமுறை இல்லை' என்று சொல்வோமே தவிர இருக்கிறது என்று சொன்னதுண்டா என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்தப் பொருள் இல்லாத ஊரில் சொல் வேறு எப்படிப் புழங்கும்?

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நாம் வந்தது 2016 செப்டம்பர். அடுத்த மாதமே மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல் 100 வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர்தான். பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியதெல்லாம் இந்த இடைவெளியில் நடந்த வேலை. மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி ரூபாய் வரை, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. நடத்தியதும் நேரடியாக மாநகராட்சி இல்லை, மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்த ஒரு கம்பெனி. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர்ப்புற உள்ளாட்சிக்கு உரியவை என்று 18 பணிகளை அடுக்கினார்கள். அதில் முதலாவது நகரத் திட்டமிடல், மூன்றாவது பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல். எழுத்தில் அப்படி.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த ஐந்து ஆண்டிலும் கண்காணிப்பு இருந்தது, மேற்பார்வை இருந்தது, தணிக்கை இருந்தது. 'அதிகாரிகள் ஆய்வு' என்று பேப்பரில் படமும் வந்தது. கட்டடம் நன்றாக வந்ததா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. மந்தையில் நோட்டைப் படிக்கும்போது குறுக்கே கேட்கிற ஆள் மட்டும் இல்லை. என் கையேட்டில் நான் 'கண்காணிப்பு' என்று போட்டால், படிக்கிற கவுன்சிலர் "அதுதான் இருந்ததே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

வினைச்சொல் கொஞ்சம் இடறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 'கேள்விமுறை செய்' என்றால் தமிழாகத் தெரியவில்லை. 'கேள்விமுறைக்கு உட்படுத்து' கொஞ்சம் கோப்புத் தமிழ், சமாளிக்கலாம்.

பழைய ஆலையையும் துறைமுகத்தையும் புதுப்பிக்கிற அந்த 'ரீஜெனரேஷன்'க்கு அதிக நேரம் வேண்டாம். 'மீளுருவாக்கம்' பல்லியின் வாலுக்கு, 'மறுமலர்ச்சி' கட்சிக்குப் போய்விட்டது. 'புத்துயிராக்கம்' போதும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

—

மறுபடியும் நான்தான். யாழ்ப்பாணத்து ஐயாவின் பதிலுக்குச் சுருக்கமாக.

ஐயா, 'கேள்விமுறை' என்றவுடன் சண்டைக்கு நிற்பதுபோல ஒரு தொனி வருகிறது, குழுவின் பெயருக்கு அது ஆகாது என்கிறீர்கள். உங்கள் ஊர்க் காதுக்கு அப்படிக் கேட்கலாம். எங்கள் பக்கமும் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வார்கள். பெயர்ப்பலகையில் ஏறிப் பத்துக் கூட்டம் நடந்தால் கோபம் ஆறிவிடும் என்பது என் எண்ணம். 'தணிக்கை'யைக் கேட்டு இன்று யார் பயப்படுகிறார்கள்?

இந்த அத்தியாயத்தில் 'மன்றக் கேள்விமுறை' என்றே போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'ஸ்குரூட்டினி' என்று பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். முடிவை நிறுத்தித் திருப்பி அனுப்பும் அந்தக் 'கால் இன்' அதிகாரத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'திரும்ப அழைத்தல்' என்றால் கவுன்சிலரையே வீட்டுக்கு அனுப்புவது என்று ஆகிவிடும். 'நிறுத்திக் கேட்டல்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அக்கா, கேட்பை விட்டுவிட்டு இதைக் கொஞ்சம் பாருங்களேன்.