பலகையில் 11 வரிகள், கையில் ஒன்றரை ஆள்: அடுத்த ஆண்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். திறந்த உள்நுழைவுத் தரத்தைப் பரப்பும் ஒரு சிறிய லாபநோக்கற்ற அமைப்பில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்திடம் (அதை 'வழங்குநர்' என்போம்) உள்ள கணக்கைக் கொண்டே வேறு தளங்களுக்குள் நுழைய வைக்கும் ஓப்பன்ஐடி கனெக்ட்தான் அந்தத் தரம்; அதை எழுதிப் பராமரிப்பது ஓப்பன்ஐடி ஃபவுண்டேஷன். சிறிய மென்பொருள் குழுக்கள் அதைத் தங்கள் தளத்தில் பிழையின்றிப் பொருத்த நாங்கள் உதவுகிறோம். முழுநேரத்துக்கு நான், பாதிநேரத்துக்கு இன்னொருவர், மற்றவர்கள் வார இறுதியில் வரும் தன்னார்வலர்கள்.

அடுத்த ஆண்டின் முன்னுரிமைகளை முடிவு செய்யக் குழுவாக உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம் கழித்துப் பலகையில் 11 வரிகள் இருந்தன: பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் கைபேசியிலோ கணினியிலோ உள்ள சாவியால் நுழையும் முறை) கையேடு, மாநாடு, மாணவர் பயிற்சி, டிஜிட்டல் அடையாளப் பணப்பை (அடையாளச் சான்றுகளைக் கைபேசியில் வைத்துக் காட்டும் செயலி), புதிய இணையதளம் என்று நீண்டது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அதை மனதார விரும்பும் ஒருவர் இருக்கிறார். எதையும் அழிக்க யாருக்கும் கை எழவில்லை. சென்ற ஆண்டும் இப்படித்தான் ஒன்பது வரிகளோடு எழுந்து போனோம், இரண்டுதான் முடிந்தன.

அன்றிரவு, ஓராண்டில் உதவி கேட்டு வந்த மின்னஞ்சல்களை முதலிலிருந்து படித்தேன். பாஸ்கீ பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலர். பணப்பை பற்றி ஒருவர்கூட இல்லை. திரும்பத் திரும்ப வந்தவை மூன்று: ரீடைரக்ட் முகவரி (வழங்குநர் பயனரைத் திருப்பி அனுப்பும் தள முகவரி) முன்பே பதிந்ததோடு பொருந்தவில்லை என்ற பிழை, 'வெளியேறு' பொத்தானை அழுத்தியும் பயனர் வெளியேறவில்லை, ஒரே மனிதருக்கு இரண்டு கணக்குகள் உருவாகிவிட்டன.

இவற்றை மட்டும் வைத்து முன்னுரிமையை முடிவு செய்யலாமா? எங்களிடம் உதவி கேட்கலாம் என்றே அறியாதவர்களின் தேவை இதில் வராதே. நன்கொடையாளர்கள் புதிய தொழில்நுட்பத்தைத்தான் கேட்கிறார்கள் என்கிறார் பொருளாளர், அதுவும் பொய்யில்லை. இதே இடத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

நான் ஒரு வாசகர் தளத்தை நடத்தியவன். தரத்தைப் பரப்புவது என்றாலே எனக்குக் கனெக்டுக்கு முந்தைய பழைய ஓப்பன்ஐடிதான் நினைவுக்கு வரும். 2005இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் பிறந்த அந்த எண்ணம் அழகானது: உங்கள் இணைய முகவரியே உங்கள் அடையாளம். 2008இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தொடங்கியபோது உள்ளே நுழைய அது ஒன்றே வழி. நானும் என் தளத்தில் ஆர்வத்தோடு சேர்த்தேன்.

பயனர்கள் தவித்தார்கள். பெயர் கேட்கும் இடத்தில் முகவரியை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் புரியும்? அப்போது அடையாளம் வழங்கப் பல நிறுவனங்கள் முன்வந்தன. அதை ஏற்கும் தளங்கள்தான் குறைவு. பிறகு 2014 பிப்ரவரியில் அப்படி அடையாளம் வழங்கிய மைஓப்பன்ஐடி சேவை மூடப்பட்டது. அதை நம்பியிருந்த என் பழைய வாசகர்கள் சிலரால் தங்கள் கணக்குக்குள் மறுபடி வரவே முடியவில்லை. மாற்று மின்னஞ்சல் முகவரியை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர்களில் ஒருவரின் கணக்கில் அவர் ஏழு ஆண்டுகள் எழுதிய குறிப்புகள் இருந்தன. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன் என்பதற்கு மன்னியுங்கள். வழங்குநர் ஒருவர் கடையை மூடினால் பயனர் எப்படி மீள்வார் என்பதற்கு ஒரு பக்க வழிமுறை எழுதுங்கள். மாநாட்டைவிட அது நீண்ட நாள் பயன்படும்.

பதில் 2

பாதுகாப்புச் சோதனை என் தொழில். இரண்டு கணக்குகள் உருவாகும் சிக்கலைச் சாதாரணமாக விடாதீர்கள். அதைச் சரிசெய்யப் போகிறவர்கள் பலர் அதைவிட மோசமான இடத்தில் விழுகிறார்கள்.

பயனர் யார் என்று வழங்குநர் தளத்துக்கு அனுப்பும் ஐடி டோக்கனில் 'இஸ்' என்பது வழங்குநரைச் சொல்கிறது, 'சப்' என்பது அந்த வழங்குநரிடம் இந்தப் பயனருக்கு உள்ள குறியீட்டைச் சொல்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே நம்பத்தக்க அடையாளம் என்று தரமே தெளிவாகச் சொல்கிறது. மின்னஞ்சல் மாறும், ஒருவர் விட்ட முகவரி நாளை வேறொருவருக்குப் போகலாம், சில வழங்குநர்கள் அதைச் சரிபார்க்காமலே அனுப்புவார்கள். ஆனால் இரட்டைக் கணக்கைக் கண்டு பதறும் குழு என்ன செய்கிறது? மின்னஞ்சல் ஒன்றாக இருந்தால் இரண்டையும் தானாக இணைத்துவிடுகிறது. அந்த நொடியில், உங்கள் முகவரியைத் தன்னுடையது என்று எழுதி வேறொரு வழங்குநரிடம் கணக்குத் தொடங்கிய எவரும் உங்கள் கணக்குக்குள் வந்துவிடலாம். இதைப் பல சோதனைகளில் நேரில் பார்த்திருக்கிறேன். பழைய கணக்கில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பவர் மட்டுமே புதிய வழங்குநரை இணைக்க முடியும் என்று வையுங்கள்.

ரீடைரக்ட் முகவரிக்குத் தனித் திட்டம் வேண்டாம். எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்பதை எடுத்துக்காட்டோடு விளக்கும் ஒரு பக்கம் போதும். தரத்தைச் சரியாகப் பின்பற்றும் மென்பொருளுக்குச் சொந்தமாகச் சான்றிதழ் வழங்கத் தொடங்கும் ஆசை குழுவில் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். ஓப்பன்ஐடி ஃபவுண்டேஷன் 2015 முதல் அதைச் செய்கிறது. அவர்களின் சோதனைத் தொகுப்பு திறமூலம். அதை ஓட்டவும் முடிவைப் படிக்கவும் சிறு குழுக்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

பதில் 3

வேறொரு சிறிய அமைப்பின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவள். மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன்: ஆண்டு முழுவதையும் நிரப்பிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி உலாவி மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறொரு தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) முழுவதுமாகத் தடுத்தபோது, மறைந்த ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் திறக்கும் இன்னொரு பக்கம்) வழியாக உள்நுழைவைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தளங்களில் பயனர்கள் தாமாகவே வெளியே தள்ளப்பட்டார்கள். எங்கள் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரமும் இல்லை. அதன்பின் கால் பங்கு நேரத்தை எதுவும் எழுதாமல் விட்டுவைக்கப் பழகினோம்.

பாஸ்கீயை ஒதுக்கவும் வேண்டாம், ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம். வழங்குநரிடம் பயனர் பாஸ்கீயால் நுழைவார். வழங்குநர் உங்கள் தளத்துக்கு ஓப்பன்ஐடி கனெக்ட் வழியாகச் சொல்வார். இரண்டும் போட்டியில்லை என்று இரண்டு பத்தி எழுதினால் நன்கொடையாளரின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நீக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இந்த ஆண்டு இல்லை, ஏனென்றால்...' என்று காரணம் எழுதி, முன்மொழிந்தவரிடம் நேரில் காட்டுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ஒரு நல்ல தன்னார்வலரை இழந்திருக்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்று மறுபடி கூடினோம்.

முதல் வேலை, கணக்கு இணைப்பும் மீட்பும். இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது உங்கள் பதில்களைப் படித்த பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதம் ஒதுக்கியிருந்த நான் ஐந்தாகக் குறைத்தேன்.

இரண்டாவது, வெளியேறுதல். கனெக்ட் 2014இல் வந்தது, வெளியேறுதலுக்கான நான்கு விவரக்குறிப்புகள் 2022 செப்டம்பரில்தான் இறுதியாயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்தபடி கட்டிவிட்டார்கள். அதைத்தான் எங்கள் அஞ்சல்பெட்டியில் பார்க்கிறோம். ஐஃப்ரேமை நம்பும் முறைகள் குக்கீத் தடையால் தடுமாறுவதால், சேவையகமும் சேவையகமும் நேரடியாகப் பேசும் பேக்-சேனல் முறையை முன்வைத்து எழுதப்போகிறோம். பொதுக் கணினியில் 'வெளியேறு' அழுத்திவிட்டு நம்பிக்கையோடு எழுந்து போகும் ஒருவரை நினைத்தால் இதை இன்னும் ஓராண்டு தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ரீடைரக்ட் பக்கத்தைப் பாதிநேர ஊழியர் இந்த வாரமே எழுதத் தொடங்கிவிட்டார். மூன்று மாதம் காலியாக இருக்கிறது. பொருளாளர் பாஸ்கீ பத்திகளைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார்.

மாநாட்டை முன்மொழிந்தவர் என் நெருங்கிய நண்பர். காரணம் எழுதிய தாளோடு நாளை காலை அவர் வீட்டுக்குப் போகிறேன்.