பழைய எல்பி-யில் கேரன் கார்பென்டரின் குரல்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கார்பென்டர்ஸ் (கேரனும் அவர் அண்ணன் ரிச்சர்டும் சேர்ந்த அமெரிக்க இசைக்குழு) எல்பி, அதாவது பழைய இசைத்தட்டு ஒன்று, யாரோ வைத்திருந்து விற்றது, போன மாதம் என் கைக்கு வந்தது. விற்றவர் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதான் சொன்னார். உறையில் உள்ளே இருக்கும் தட்டின் வட்டம் தேய்ந்து பதிந்திருந்தது, ஓரமும் பிரிந்திருந்தது, சரி, அட்டைதானே என்று விட்டுவிட்டேன். தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், நடுத்துளையைச் சுற்றி லேபிளில் முடி மாதிரி மெல்லிய கோடுகள். துளையைத் தடவித் தடவி மாட்டும்போது விழுகிற கோடுகள் அவை. நிறைய ஓடிய தட்டு.

முதல் தடவை போட்டபோது மனசு விட்டுப்போயிற்று. ராக் இசை என்றால் டிரம்ஸும் கிட்டாரும் இரைச்சலை மூடிவிடும். இந்த வகைப் பாட்டில் அதற்கு வழியில்லை. மெல்ல ஒரு பியானோ, அப்புறம் கேரனின் அந்தத் தாழ்ந்த குரல், நடுவே சுள்ளி எரிவதுபோல் படபடவென்று.

காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் வட்டவாக்கில், லேபிள் நனையாமல் கழுவினேன். அப்புறம் வெறும் நீரில் ஒரு முறை. படபடப்பு பெரும்பாலும் போய்விட்டது, எல்லாம் அழுக்குதான். போகாதது கடைசிப் பாட்டின் கரகரப்பு, ‘ஸ’ வரும் இடமெல்லாம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று மாறாமல் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடும் தடம், லேபிள் பக்கம் வரும்போது 20 செ.மீ. சொச்சம்தான் ஓடுகிறது, அதனால் ஒலி அங்கே நெருங்கிக் கிடக்கிறது, தேய்மானமும் அங்கேதான் முதலில் கேட்கும். கழுவினால் போகாது. 1983-இல் கேரன் இறந்தபோது வயது 32. அந்தக் குரல் இப்படிக் கரகரப்பதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

—

எனக்கு இது பாடகர் நாட் கிங் கோலின் தட்டு ஒன்றில் நடந்தது. இடம் வலம் என்று பிரியாமல் ஒரே ஒலியாகப் பதிந்த மோனோ பதிவு, நானோ இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒலிக்கும் ஸ்டீரியோவிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். மோனோ தடத்தில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கும், ஊசி மேலும் கீழும் குதிப்பதெல்லாம் வெறும் தூசியும் கீறலும். ஆம்பிளிஃபயரில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பொத்தானை அழுத்தினதும், இடமும் வலமும் எதிரெதிராக வரும் அந்தக் குதிப்புச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிட்டது. அவர் மூச்சு இழுப்பதைக்கூட அன்றுதான் கேட்டேன். உங்கள் தட்டிலும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

—

அழுத்திப் பார்த்தேன். இரைச்சல் நிஜமாகவே குறைகிறது. ஆனால் ரிச்சர்டும் கேரனும் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிந்து வைத்திருக்கிறார்களே, இடமும் வலமுமாக விரிந்து வரும் அது, மொத்தமும் நடுவில் ஒடுங்கிப்போகிறது. கடைசிப் பாட்டுக்கு மட்டும் எழுந்துபோய் அழுத்துகிறேன், மற்றதெல்லாம் ஸ்டீரியோதான்.