கேம் ஆடும்போது சிபியு 93 டிகிரி: பேஸ்ட் மாற்றினால் போதுமா?

கேள்வி: என் சிபியு ரைசன் 5 3600, அதன் பெட்டியோடு வந்த கூலர்தான். நாலு வருஷமாகக் கழற்றவே இல்லை. கேம் ஆடினால் 93 டிகிரி, ஃபேன் ஒரே இரைச்சல். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றணுமா, புது கூலரே வாங்கணுமா?

பதில் 1: முதலில் தூசியைப் பாருங்க. ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று போக வழியே இருக்காது. பிரஷ்ஷும் புளோயரும் போதும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா பேரிங் கெடும்.

பதில் 2: பேஸ்ட்டும் மாற்றுங்க. ஆனால் கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது! உங்க சிபியு உட்காரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் (மெல்லிய ஊசிக் கால்கள்) சிபியுவில்தான் இருக்கு. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கிட்டு, சாக்கெட் பூட்டியிருந்தாலும் சிபியு சேர்ந்தே வந்துடும், பின் வளையும். பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, நாலு ஸ்குரூவையும் கழற்றி, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகுங்க. தளர்ந்த பிறகு தூக்குங்க. மதர்போர்டின் பின்பக்கத் தகடு விழுந்துடும், கையால் தாங்கிக்கோங்க.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழசைத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுசு. ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்க. ஒரு பக்கத்தை முழுசா முறுக்கினால் கூலர் சாய்ந்து உட்காரும், சூடு குறையாது.

பதில் 3: அதன் பிறகும் 90 தாண்டினால், கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்க. நன்றாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில். முன்னால் ஒரு 120 மிமீ ஃபேன் போடுங்க. இறங்கலைன்னா மட்டும் டவர் கூலர் (உயரமான, பெரிய கூலர்) வாங்குங்க.